ஒரே கதை, மூன்று படங்கள்: சனிக்கிழமை இரவுக்கு எது?

முகம் தெரியாத ஒருவனுக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதங்களிலேயே அவனை விரும்பத் தொடங்குகிறாள் ஒருத்தி. பகலெல்லாம் யாரோடு மல்லுக்கட்டுகிறாளோ, அவனேதான் இவன் என்பது அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோ 1937இல் புடாபெஸ்ட் மேடைக்கு எழுதிய கதை இது. நாடகம் நடப்பது ஒரு வாசனைத் திரவியக் கடையில். ஹாலிவுட் இதை மூன்று முறை படமாக்கியிருக்கிறது.

முதலாவது 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. கறுப்பு வெள்ளை, 99 நிமிடம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் நடித்தார்கள். கடை புடாபெஸ்டிலேயே இருக்கிறது, சரக்கு மட்டும் தோல் பொருளாக மாறிவிட்டது. இரண்டாவது 1949இல் ராபர்ட் இசட். லியனார்ட் இயக்கிய 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்'. ஜூடி கார்லண்டும் வான் ஜான்சனும் நடித்த வண்ணப் பாட்டுப் படம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சிகாகோவில் ஒரு இசைக்கருவிக் கடை. மூன்றாவது 1998 டிசம்பரில் வந்த 'யூவ் காட் மெயில்'. நோரா எஃப்ரான் தன் தங்கை டெலியாவோடு சேர்ந்து எழுதி இயக்கியது. டாம் ஹாங்க்ஸ், மெக் ரயன், நியூயார்க், புத்தகக் கடைகள், மின்னஞ்சல். 119 நிமிடம்.

ஒரு இரவு, ஒரு படம் என்றால் பெரும்பாலானோர் கை 1998க்குத்தான் போகும். வண்ணப்படம், தெரிந்த முகங்கள், புரியும் ஆங்கிலம். சுமார் 6.5 கோடி டாலரில் எடுத்து உலகமெங்கும் 25 கோடி டாலர் வசூலித்த படம் என்பதால் கேள்விப்படாதவர்களும் குறைவு. ஆனால் அது சுமாரான படம். எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். இனி வருவதில் கதை முழுவதும் வெளிப்படும். மூன்றிலும் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது எப்படியும் ரகசியம் இல்லை.

யாருக்கு எப்போது தெரிகிறது?

இந்தக் கதையின் அச்சாணி இந்தக் கேள்விதான். சேர்வார்களா என்று யாரும் கவலைப்படப் போவதில்லை. உண்மை முதலில் யாருக்குத் தெரிகிறது, தெரிந்தவன் அதை எவ்வளவு நாள் மறைக்கிறான், மறைத்து என்ன செய்கிறான் என்பதில்தான் படம் நிற்கவோ விழவோ செய்கிறது.

1940 படத்தில் முதல் காலையிலேயே, கடை திறக்கும் முன் வாசலில் நின்றபடி, கடை ஊழியன் க்ராலிக் (ஸ்டூவர்ட்) தனக்கு வந்த கடிதத்தைச் சக ஊழியர் பிரோவிச்சிடம் வாசித்துக் காட்டுகிறான். கலைக்களஞ்சியம் ஒன்று மலிவாகக் கிடைக்குமா என்று செய்தித்தாளைப் புரட்டியபோது, அறிவார்ந்த விஷயங்களைக் கடிதத்தில் பேச ஆள் தேடும் ஒரு பெண்ணின் விளம்பரம் கண்ணில் பட்டதாம். எழுதுகிறவள் யார் என்று நமக்கும் காட்டுவதில்லை. அதற்குப் பிறகுதான் க்ளாரா (சல்லவன்) வேலை கேட்டுக் கடைக்குள் வருகிறாள். திறந்தால் பாட்டு இசைக்கும் சிகரெட் பெட்டி ஒன்றைக் கடைக்கு வாங்கலாமா என்று முதலாளிக்கும் க்ராலிக்குக்கும் வாக்குவாதம் நடக்கிற நேரம். க்ளாரா அதையே மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி, பருத்த அம்மாள் ஒருவர் தலையில் கட்டிவிடுகிறாள்: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாட்டுக் கேட்டால் மிட்டாய் தின்பது குறையுமாம்! வேலை கிடைத்துவிடுகிறது. க்ராலிக்கின் பகையும் அன்றே தொடங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் இருவரும் ஒரே மாலைக்கு விடுப்புக் கேட்கிறார்கள், இருவரும் புது உடையில் வந்திருக்கிறார்கள். அப்போதுதான் பார்ப்பவர் மனத்தில் கணக்குக் கூடிவருகிறது. கண்டுபிடித்தது நாம் என்ற மகிழ்ச்சியை லூபிட்ச் நமக்கே விட்டுவிடுகிறார்.

1998 படம் அந்த மகிழ்ச்சியை முதல் சில நிமிடங்களிலேயே செலவழித்துவிடுகிறது. கேத்லீனின் (மெக் ரயன்) வீட்டில் இருக்கும் காதலன் வெளியே போனதும் அவள் மடிக்கணினியைத் திறக்கிறாள். ஜோவின் (டாம் ஹாங்க்ஸ்) வீட்டில் இருக்கும் காதலி போனதும் அவனும் திறக்கிறான். ஷாப்கேர்ள், என்ஒய்152 என்ற இரண்டு மின்னஞ்சல் பெயர்களும் யாருடையவை என்று உடனே தெரிந்துவிடும். பிறகு இருவரும் ஒரே தெருவில் ஒருவரை ஒருவர் கவனிக்காமல் நடந்து வேலைக்குப் போகிறார்கள். அந்த நடை அழகாக எடுக்கப்பட்டிருக்கிறது, படத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்றும்கூட. ஆனால் விலை அதிகம். காபிக் கடைச் சந்திப்பு வருவது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதுவரை நமக்குத் தெரிந்ததையே பாத்திரங்கள் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறோம். நடுவில் விருந்து, தொலைக்காட்சிப் பேட்டி, குடும்பக் கிளைக்கதைகள் என்று படம் கால் மாற்றி நிற்பது இதனால்தான்.

தெரிந்துகொள்ளும் நிமிடத்தில் அவன் எங்கே நிற்கிறான்?

இரண்டு படங்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கே இருக்கிறது. நேரக் கணக்கைக்கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிப்பது கடினம்.

சந்திப்பு நாளன்று 1940 படத்தின் க்ராலிக்குக்கு வேலை போய்விடுகிறது. முதலாளி மட்டுசெக், தன் மனைவியோடு க்ராலிக்குக்குத் தொடர்பு இருப்பதாகத் தவறாகச் சந்தேகித்து, காரணம் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார். உண்மையில் குற்றவாளி வடாஸ் என்ற இன்னொரு ஊழியன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று சம்பளத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதன் க்ராலிக். மூன்று அறை வீடு எடுத்தால் எப்படி இருக்கும் என்று அவன் பிரோவிச்சைக் கேட்பதும், சாப்பிடுவதற்குச் சமையலறையே போதும், விருந்தினரை வரவேற்க நீ என்ன தூதரா என்று அவர் மடக்குவதும் படத்தின் பொக்கிஷமான உரையாடல். அப்படிப்பட்டவன் வேலையில்லாதவனாக அந்தப் பெண்ணின் முன்னால் போய் நிற்க விரும்பவில்லை. துணைக்கு வந்த பிரோவிச்சைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கச் சொல்கிறான். அடையாளம் 'அன்னா கரேனினா' நாவலும் அதில் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவும். உள்ளே இருப்பவள் க்ளாரா என்று தெரியும் அந்த நொடியில் அவன் கையில் வேலை இல்லை, காசு இல்லை, மரியாதை இல்லை. அந்த ரகசியம் ஒன்றுதான் அவனிடம் மிஞ்சியிருக்கிறது. அதை அவன் கொஞ்ச நாள் பொத்திவைத்துக்கொண்டால் நமக்குக் கோபம் வராது.

1998இல் அதே கண்ணாடி, அதே எட்டிப் பார்த்தல், 'அன்னா கரேனினா'வுக்குப் பதில் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்', கார்னேஷனுக்குப் பதில் ரோஜா. வெளியே நிற்பவன் மட்டும் மாறிவிட்டான். ஜோ ஃபாக்ஸ் பெரும் புத்தகக் கடைச் சங்கிலி ஒன்றின் வாரிசு. உள்ளே காத்திருப்பவள் அம்மா விட்டுச்சென்ற குழந்தைப் புத்தகக் கடையை அவனால் இழந்துகொண்டிருக்கும் கேத்லீன். பணமும் கடையும் ஊரும் ஏற்கெனவே அவன் பக்கம். இப்போது அவளுடைய ரகசியமும் அவன் கைக்கு வந்துவிடுகிறது.

அதன் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். க்ராலிக் மறைப்பது கிறிஸ்துமஸ் வரைதான், சில நாட்கள். ஜோ மறைப்பது குளிர்காலத்தைத் தாண்டி வசந்தம் வரை. இடையில் அவள் கடை மூடப்படுகிறது. மூடும்போது அவனுக்கு உண்மை தெரியும். தடுக்க எதுவும் செய்வதில்லை, சொல்வதும் இல்லை. சளியும் காய்ச்சலுமாகக் கிடக்கும் அவளுக்கு டெய்சிப் பூ கொண்டுவருகிறான், வார இறுதிகளில் கூடவே நடக்கிறான், மின்னஞ்சலில் முகம் தெரியாத நண்பனாக இருந்துகொண்டு நேரில் தனக்கு இடம் பிடிக்கிறான். அவள் இரண்டு ஆண்களுக்கு நடுவே குழம்புவதாக நினைக்க, அந்த இரண்டு கயிறும் ஒரே கையில் இருக்கின்றன. டாம் ஹாங்க்ஸின் கனிவான முகம் இல்லாவிட்டால் இந்தப் பகுதி தாங்காது. இதே வசனங்களை வேறொரு நடிகர் பேசுவதாகக் கற்பனை செய்து பார்த்தால் திரைக்கதையின் பலவீனம் சட்டென்று தெரிந்துவிடும்.

எஃப்ரான் சகோதரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கடைசிப் பகுதியில், கடை விவகாரம் நம் நடுவில் இல்லாதிருந்தால் என்று ஜோவே வாய்விட்டுச் சொல்கிறான். தொழிலை மூடவைத்த 'சின்னத் தவற்றை' மன்னிக்க மாட்டாயா என்று கேட்கவும் செய்கிறான். ஆனால் அதைச் சரிசெய்யத் திரைக்கதை எடுத்த வழி, அடியே படாதது போல் எல்லோருக்கும் மெத்தை போடுவது. கடை ஊழியர் ஜார்ஜுக்கு ஜோவின் கடையிலேயே குழந்தைகள் பிரிவில் வேலை கிடைக்கிறது. மூத்த ஊழியர் பெர்டி முன்பே இன்டெல் பங்கு வாங்கிப் பணக்காரர் ஆகிவிட்டவராம். கேத்லீன் குழந்தைகளுக்குக் கதை எழுதத் தொடங்கிவிடுகிறாள். யாரும் வாடகை கட்ட முடியாமல் நிற்பதில்லை. ஜோ எதையாவது இழந்திருந்தால், ஒரே ஒரு கிளையைத் திறக்காமல் விட்டிருந்தால்கூட, கடைசிக் காட்சியின் எடை இரண்டு மடங்காகியிருக்கும்.

துணைகள் விஷயத்திலும் இதே மெத்தைதான். 1940இல் கதாநாயகனும் நாயகியும் தனியாட்கள், ஆகவே கடிதம் எழுதுவதில் யாருக்கும் துரோகம் இல்லை. 1998இல் இருவரும் வேறு ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து ஒருவகை ஏமாற்றுதானே என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுகிறது. படம் அதை எதிர்கொள்ளாமல் துணைகளைக் கேலிச் சித்திரமாக்கிக் கழற்றிவிடுகிறது. ஃப்ராங்க் தட்டச்சு இயந்திரத்தைக் காதலிக்கும் பத்தி எழுத்தாளர். அவரும் கேத்லீனும் ஒருவரை ஒருவர் காதலிக்கவில்லை என்று சிரித்தபடி ஒப்புக்கொண்டு பிரிகிறார்கள். பாட்ரிஷியா சுயநலமான பதிப்பாளர். மின்தூக்கி ஒன்று நடுவில் நின்றுபோனபோது ஜோவுக்குத் தெளிவு பிறந்து பெட்டியைக் கட்டுகிறான். இரண்டு உறவு முறிவிலும் ஒரு துளி வலி இல்லை. காதல் நகைச்சுவையில் எல்லா முறிவும் வலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டுமே வலிக்காமல் போனால் மட்டும், சேர்வதற்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது.

ஆனாலும் 1998 படத்தைத் தள்ளிவிட முடியாது

அதில் மூலத்தைவிட நன்றாகச் செய்த விஷயம் ஒன்று இருக்கிறது. கேத்லீனுக்குச் சண்டை நேரத்தில் சரியான பதில் வாயில் வராது. வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். அதை மின்னஞ்சலில் நண்பனிடம் சொல்லி வருந்துகிறாள். அவனோ, தனக்கு அந்தப் பதில்கள் தயாராக வரும், ஆனால் சொன்ன பிறகு மனம் உறுத்தும் என்று எழுதுகிறான். பிறகு காபிக் கடையில் முதன்முறையாக அவளுக்கு அந்தச் சொற்கள் சரளமாக வருகின்றன: மூளை இருக்கும் இடத்தில் உனக்குக் கல்லாப் பெட்டி, இதயம் இருக்கும் இடத்தில் லாபக் கணக்கு. எதிரே இருப்பவனின் முகம் விழுகிறது. அவன் முன்பே எச்சரித்த உறுத்தல் அன்றிரவே அவளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சாதாரண மின்னஞ்சலில் விதைத்ததைப் பின்னால் அறுவடை செய்யும் இந்த இடம் உயர்ந்த திரைக்கதை வேலை.

1940இல் அதே வசவு தோல் கடைச் சரக்கில் செய்யப்பட்டது. இதயத்துக்குப் பதில் கைப்பை, ஆன்மாவுக்குப் பதில் பெட்டி, அறிவுக்குப் பதில் பற்றாத சிகரெட் லைட்டர். கடையில் அன்றாடம் தூசி தட்டும் பொருள்களே வாயில் வந்து விழுகின்றன. வசவாக இதுதான் கூர்மை. விளைவு என்று பார்த்தால் 1998 முந்திவிடுகிறது.

மின்னஞ்சல்கள் இன்றும் கேட்கத் தகுந்தவை. சுரங்க ரயிலுக்குள் வந்துவிட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி, புதிதாகச் சீவிய பென்சில்களால் ஆன பூங்கொத்து அனுப்பத் தோன்றுவது என்று ஒன்றும் நடக்காத சின்ன விஷயங்களைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். காதல் அப்படித்தான் வளரும் என்று படம் நம்புகிறது, அதை நம்பவும் வைக்கிறது. அவளுக்கு நண்பன் தரும் ஆலோசனையும் நல்ல முடிச்சு: போட்டிக் கடையோடு போராடு என்று தைரியம் சொல்பவன், தான் தூண்டிவிடுவது தனக்கு எதிராகவே என்று அறியாமல் சொல்கிறான்.

மெக் ரயனுக்கு இரண்டு காட்சிகள். காலியான கடையை இறுதியாகப் பூட்டும் முன், சிறுமியாக அம்மாவோடு கைகோத்துச் சுற்றிய தன்னையே அவள் பார்க்கும் இடம் ஒன்று. மற்றது, தன்னை விழுங்கிய பெருங்கடையின் குழந்தைகள் பிரிவில் அவள் போய் உட்காரும் இடம். வாடிக்கையாளர் ஒருவர் 'ஷூ' என்ற குழந்தைக் கதை வரிசையைக் கேட்கிறார், ஊழியருக்கு எழுதியவர் பெயரே தெரியவில்லை. கேத்லீன் நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்டின் பெயரைச் சொல்லி, எதிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்றும் கண்கள் நிறையச் சொல்கிறாள். சின்னக் கடை மூடினால் ஊர் எதை இழக்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது இது. பிரசங்கம் எதுவும் இல்லை. படம் முழுக்க இந்தத் தரத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியை இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை பொறுமையாகக் காட்டுவதும் கூடுதல் பலம். ரிவர்சைடு பூங்காவின் தோட்டத்தில் முடியும் கடைசிக் காட்சியைப் பார்த்து அந்த ஊருக்கே போக ஆசைப்பட்டவர்கள் நிறைய.

நடுப்பிள்ளை

1949 படத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜூடி கார்லண்டின் குரலுக்காக ஒருமுறை பார்க்கலாம். 'ஐ டோன்ட் கேர்' பாட்டில் மேடையையே தூக்கிக்கொண்டு போகிறார். மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் இதில் கடை ஊழியராக வருகிறார். அந்நாளில் எம்ஜிஎம் படநிறுவனத்தில் நகைச்சுவைத் துணுக்குகள் அமைத்துத் தந்துகொண்டிருந்தவர் அவர். வயலின் ஒன்று தவறுதலாக உடைய வேண்டும், அது நம்பும்படி இருக்க வேண்டும் என்று தேவை வந்தபோது, அந்த விழுகையை அவரைத் தவிர வேறு யாராலும் விழ முடியாது என்று அவரையே நடிக்கவைத்தார்கள். கடைசியில் வரும் குட்டிக் குழந்தை கார்லண்டின் மகள் லைசா மினெல்லி.

குறை எளிமையானது. முதலாளியின் சந்தேகம், மனமுடைவு என்ற இருண்ட கிளைக்கதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விலை உயர்ந்த வயலின் ஒன்று கைமாறும் குழப்பத்தை வைத்தார்கள். வயலின் உடைந்தால் சிரிப்பு வரும். பயம் வராது. கதையின் அடியில் இருந்த வேலையிழப்பு அச்சமும் அதோடு போய்விட்டது. பாட்டு வரும்போதெல்லாம் கதை நின்று வழிவிடுகிறது.

1940க்கும் குறை உண்டு

புடாபெஸ்ட் என்கிறார்கள், பேசுவது அமெரிக்கத் தெரு ஆங்கிலம். முதல் பத்து நிமிடம் அது உறுத்தும், பிறகு மறந்துவிடும். வடாஸ் பாத்திரத்துக்குக் கெட்டவன் என்பதைத் தவிர வேறு முகம் இல்லை. இறுதியில் க்ராலிக், க்ளாராவின் கடித நண்பனைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, பாப்கின் என்ற தொந்தியும் வழுக்கையுமான வேலையில்லா ஆளாக அவனைச் சித்தரித்து அவளை அலைக்கழிப்பது சற்று நீளம். உண்மை தெரிந்தவன் தெரியாதவளை வைத்து விளையாடும் அதே குற்றம் இங்கேயும் இருக்கிறது. இங்கே அது நடப்பது ஒரு மாலையில், அடைத்த கடைக்குள், சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு நடுவில். அதனால்தான் பொறுத்துக்கொள்கிறோம்.

குடும்பத்தோடு பார்ப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மனைவி ஏமாற்றியது தெரிந்த இரவில் மட்டுசெக் தற்கொலைக்கு முயல்கிறார், எடுபிடிப் பையன் பெப்பி வந்து தடுக்கிறான். காட்சி அடக்கமாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. பத்து வயதுக்குக் கீழான குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பேசிவிட்டுப் போடுவது நல்லது. படத்தின் கனமும் அங்கிருந்துதான் வருகிறது. கிறிஸ்துமஸ் முந்தின இரவு, வியாபாரம் அமோகமாக முடிந்த பிறகு, வீட்டுக்குப் போக ஆளில்லாத முதலாளி தெருவில் நின்று ஒவ்வொரு ஊழியரையும் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்க்கிறார். எல்லோருக்கும் வேறு வேலை. கடைசியில் புதிதாகச் சேர்ந்த, ஊரில் யாரும் இல்லாத சிறுவன் ருடி சிக்குகிறான். இருவரும் கோழி சூப்பும் வாத்து வறுவலும் பற்றிப் பேசிக்கொண்டே பனியில் நடந்து போவதைப் பார்த்தால், காதல் கதையைச் சற்று நேரம் மறந்தேவிடுவோம். இதற்கு இணையாக 1998இல் எதுவும் இல்லை.

கடை என்றால் என்ன என்று லூபிட்சுக்குத் தெரியும். பெர்லினில் அவருடைய தந்தை தையல் கடை வைத்திருந்தவர், இளமையில் அவரும் அங்கே வேலை பார்த்திருக்கிறார். முதலாளி "உன் உண்மையான அபிப்பிராயம் என்ன?" என்று கேட்கத் தொடங்கினாலே பிரோவிச் மாடிப்படியில் ஓடி மறைவதை, அப்படி ஓடியவர்களைப் பார்த்த ஒருவரால்தான் யோசிக்க முடியும். படப்பிடிப்பு ஒரு மாதத்துக்குள், பெரும்பாலும் கதை வரிசையிலேயே முடிந்தது. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பழகிப்போனதுபோல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1999இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள்.

ஒரு ஷாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். நண்பன் வராத சோகத்தில் க்ளாரா அஞ்சலகம் போகிறாள். கேமரா அஞ்சல் பெட்டிக்கு உள்பக்கம் இருக்கிறது. கையுறை அணிந்த கை ஒன்று நுழைந்து வெறுமையைத் துழாவுகிறது, பிறகு அவள் கண்கள் எட்டிப் பார்க்கின்றன. சில விநாடிகள்தான்.

தமிழில் இதே உணர்வைத் தேடுபவர்களுக்கு 1996இல் அகத்தியன் எடுத்த 'காதல் கோட்டை' நினைவுக்கு வரும். அது இந்த நாடகத்தின் தழுவல் இல்லை. தொலைந்த சான்றிதழ்களில் தொடங்கிக் கடிதத்தில் வளரும் தனிக்கதை. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது பெற்றது. இங்கே அதைச் சொல்லக் காரணம், அகத்தியன் எடுத்த முடிவு. சென்னையில் இருவரும் எதிரும் புதிருமாக நடமாடியும் ஒருவருக்கும் தெரியாது. அவள் அனுப்பிய பரிசு உடையை வைத்துக் கடைசி நிமிடத்தில் ரயில் நிலையத்தில்தான் தெரிகிறது. ஒருவர் மற்றவரை ஏமாற்றும் வாய்ப்பே கதையில் இல்லை. 1998 படத்தை உறுத்தும் சிக்கல் இங்கே எழவே எழாது. அதற்குப் பதிலாக, இருவரும் அறிந்து ஒருவர் முன் ஒருவர் மாறிக்காட்டும் சந்தர்ப்பமும் இல்லாமல் போகிறது. எது வேண்டும் என்பது அவரவர் ருசி.

எந்த இரவுக்கு எது?

கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துப் பழகாத கூட்டம், நடுநடுவே எழுந்து போய்வரும் வீடு, பின்னணியில் ஓட ஒரு இதமான படம் என்றால் 1998தான். இடையில் பத்து நிமிடம் தவறினாலும் ஒன்றும் கெடாது. நீளமாகத் தோன்றினால் ஃப்ராங்கின் தொலைக்காட்சிப் பேட்டியையும் பாட்ரிஷியா வரும் காட்சிகளையும் ஓட்டிவிடலாம். ஜபார்ஸ் கடையில் ரொக்கம் மட்டும் வாங்கும் வரிசையில் கேத்லீன் மாட்டிக்கொள்ளும் காட்சியை ஓட்டிவிடாதீர்கள். பகைவனாக அவன் முதன்முதலில் அவளுக்கு உதவுவது அங்கேதான். காய்ச்சலாகக் கிடப்பவருக்குத் துணையாகவும் இந்தப் படம் நல்ல தேர்வு.

கவனமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, கூடப் பார்ப்பவரும் பேசாமல் பார்ப்பார் என்றால் யோசிக்காமல் 1940. சப்டைட்டில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வசனம் வேகமாகப் போகும், பாதி நகைச்சுவை வாக்கியத்தின் வால்பகுதியில் இருக்கிறது. தொலைக்காட்சியில் திரையை நிரப்பும் 'ஜூம்' அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். 1940, 1949 இரண்டும் சதுரத்துக்கு அருகிலான பழைய சட்டகத்தில் எடுத்தவை. திரையை இழுத்தால் முகங்கள் உப்பும், வெட்டினால் சட்டகத்தின் மேலும் கீழும் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் படம் முழுதாக இருக்கிறது என்று பொருள்.

பாட்டுக்காகவே படம் பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் 1949. வேறு காரணத்துக்காக அதை எடுக்க வேண்டாம்.

இரண்டு இரவு கிடைத்தால் வரிசை முக்கியம். 1940ஐ முதலில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் 1998 படம், க்ராலிக்குக்கு உண்மை தெரியப்போவதை முன்பே சொல்லிக் கெடுத்துவிடும். சரியான வரிசையில் பார்த்தால் 1998க்கும் லாபம்தான். அதே ஜன்னல், அதே வாக்குவாதம், அதே நோய்ப்படுக்கை என்று ஒவ்வொன்றையும் எஃப்ரான்கள் எங்கே மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதே தனிச் சுவை.

திரைக்கதை எழுதப் பழகுபவர்கள் காபிக் கடைக் காட்சிகள் இரண்டையும் மட்டும் எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரு கட்டத்தில் அவன் அவள் மேசையை விட்டு எழுந்து, பின்னால் உள்ள மேசையில் முதுகோடு முதுகாக உட்கார்கிறான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒலியை அணைத்துவிட்டு அவன் முகத்தை மட்டும் கவனியுங்கள். ஸ்டூவர்ட்டின் முகத்தில் இருப்பது நாளைக்கு எங்கே போவது என்று தெரியாதவனின் களைப்பு. ஹாங்க்ஸ் முகத்தில் இருப்பது புண்பட்டவனின் வலி. அவர் நாளைக் காலை எழுந்து போக ஒரு அலுவலகம் இருக்கிறது.